துவைக்கிற கல்லோரத்துப் பச்சை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் சிந்தாமணி முகம் கழுவி, தலையைப் படிய வாரி, போனை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போவாள். வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்தரையின் கிழக்கு மூலையில் அந்தக் கல் கிடக்கிறது. கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில், இரண்டு பாய் விரிக்கிற அகலத்துக்குப் புல் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடிப்பாள். அப்படிப் பிடித்தால் திரையில் அவள் முகமும், அதன் பின்னால் பச்சையும், ஓரத்தில் கல்லின் நுனியும் மட்டும்தான் தெரியும். கை இரண்டு விரற்கடை இடது பக்கம் நகர்ந்தால் மற்றதும் தெரிந்துவிடும். அதனால் கை வலித்தாலும் நகர்த்த மாட்டாள்.

மற்றது என்பது தேங்காய் நார் நிறத்தில் காய்ந்து கிடந்த மீதித் தரை.

மஸ்கட்டில் அப்போது மணி நான்கு. வெள்ளிக்கிழமை அழகேசனுக்கு விடுமுறை. துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து மனைவியைக் கூப்பிடுவான். அவனுக்குப் போனைத் தள்ளிப் பிடிக்கத் தெரியாது. சிந்தாமணிக்குத் தெரிவதெல்லாம் அவன் மூக்கும், அதற்கு மேலே சுற்றுகிற ஒரு மின்விசிறியும்தான். அந்த மின்விசிறியின் ஒரு இறக்கையில் துரு இருக்கிறது. அவன் தங்கியிருக்கும் அறையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அந்தத் துரு.

சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மகள் பேசினாளா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியாக அவன் கேட்பான்: "புல்லு எப்படி இருக்கு?"

"இருக்குங்க," என்பாள் சிந்தாமணி.

"கொஞ்சம் திருப்பிக் காட்டேன்."

"டவர் சரியில்லீங்க. நின்னு நின்னு வருது."

அவன் சரி என்று விட்டுவிடுவான். வற்புறுத்துகிற மனுசன் இல்லை. அவன் வற்புறுத்தாததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சிந்தாமணிக்கு நாற்பத்தி இரண்டு வயது. பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம், வாழ வந்தது குரும்பலூர். ஏழாவதோடு படிப்பு நின்றது. அந்த வருசம் சின்ன வெங்காயத்துக்குக் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அம்மா ஒரு வாரம் லீவு போடச் சொன்னாள். ஒரு வாரம் முடிந்து பள்ளிக்கூடம் போனபோது கணக்கில் ஏதோ புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். புரியவில்லை என்று எழுந்து கேட்க வாய் வரவில்லை. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொண்டாள். கேட்க வாய் வராமல் அவள் விட்ட முதல் காரியம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ.

வாய்க்குப் பதிலாகக் கண்ணும் கையும் வளர்ந்தன. களை எடுப்பில் அவளுக்கு நிகர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. வெங்காயத் தாளுக்கும் கோரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடம்கூட இல்லாத பாத்தியில், அவள் கை போய்க் களையை மட்டும் எடுத்துக்கொண்டு வரும். அவளுடைய பெரிய எதிரி அருகு, அருகம்புல். மேலே பிடுங்கினால் கீழே வேர் நிற்கும். வேரைத் தோண்டினால் ஒரு கணு தப்பி, அடுத்த மழைக்குப் பத்துக் கணுவாக எழுந்து நிற்கும். கல்யாண வீட்டில் அருகுபோல் வேரோடி வாழணும் என்று வாழ்த்துகிறவர்களெல்லாம் ஒரு நாளாவது அருகு மண்டிய கொல்லையில் குனிந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளையும் அப்படித்தான் வாழ்த்தினார்கள். கல்யாணமாகி நாலாவது மாதம் அழகேசன் மஸ்கட் போனான். பங்களாக்களில் தோட்டவேலை என்று போனவன், அங்கே புல்தரை போடுகிற வேலையைக் கற்றுக்கொண்டான். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. இருபத்தோரு வருசம் ஓடிவிட்டது. சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் ஒன்றாகக் கட்டினாலும் இரண்டு வருசம் தேறும், அவ்வளவுதான். ஒவ்வொரு லீவிலும் முதல் நான்கு நாள் இருவருக்கும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரிக் கூச்சமாக இருக்கும். அது தெளிந்து, அவன் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை வழக்கமான கொடியில் போடப் பழகும்போது, பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். மகள் பூங்குழலி பிறந்ததையும், வளர்ந்ததையும் அவன் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறான்; போன தையில் அவள் கல்யாணமாகித் திருமானூருக்குப் போனதைப் போனில்தான் பார்த்தான்.

போன தடவை ஆடியில் வந்தவன், ஆவணி பிறந்ததும் வீட்டுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக் கொத்த ஆரம்பித்தான். இருபதடிக்கு முப்பதடி. அரை அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, மணலும் மக்கின எருவும் கலந்து, கயிறு கட்டி மட்டம் பார்த்தான். பிறகு திருச்சியிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் புல் வந்து இறங்கியது. மண்ணோடு சேர்த்துச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தார்கள்.

அடுத்த வீட்டு முத்தாயி அக்கா முதல் ஆளாக வந்து பார்த்தாள். முத்தாயி அழகேசனுடைய அண்ணன் மனைவி. ஒரு சதுரத்தைப் புரட்டி, கணுவைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"ஏண்டி சிந்தா, இது அருகுடி."

அருகோடு பிறந்த ஜாதிதான், இலை மட்டும் கொஞ்சம் மெலிசு என்றான் அழகேசன்.

"ஊரே அருகை வெட்டி வரப்புல எறியுது. என் கொழுந்தன் ஆட்டோ வச்சு வாங்கியாறாரு. சொல்லியிருந்தா எங்க கொல்லைலேந்து ஒரு வண்டி சும்மாவே குடுத்திருப்பேனே."

தெரு முழுக்கச் சிரித்தது. சிந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருசமாக அவன் என்ன வேலை செய்கிறான் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். சதுரங்களுக்கு நடுவே சந்து விழாமல் அவன் அழுத்திய விதம், மிதித்த இடம் குழியாகாமல் இருக்கப் பலகை போட்டு அதன்மேல் நடந்த விதம், ஓரத்துப் புல்லை ஒதுக்கும்போது புறங்கையால் ஒதுக்கிய விதம். தூங்குகிற குழந்தையின் முடியை ஒதுக்குகிற மாதிரி இருந்தது. பூங்குழலிக்கு அவன் அப்படிச் செய்ய வாய்த்ததில்லை.

வேலை முடிந்த அன்று அவன் புல்லின் ஓரத்தில் நின்றுகொண்டே சொன்னான். அங்கே அவன் போட்ட புல்தரை நூறு இருக்குமாம். ஒன்றில்கூட உட்கார்ந்தது கிடையாது, வேலைக்காரன் உட்காரக் கூடாது. இதில் வேர் பிடித்ததும் ஒருநாள் மல்லாந்து படுக்க வேண்டும் என்றான். ஆனால் வேர் பிடிப்பதற்குள் அவன் கிளம்ப வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் விசயத்தைச் சொன்னான். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்யாண மண்டபம், காலேஜ், ஆலைக் குடியிருப்பு என்று எல்லோரும் புல் போடுகிறார்கள், எல்லாம் திருச்சியிலிருந்து வருகிறது, கோடையில் கருகியதும் தூக்கிப் போடுகிறார்கள். நம் மண்ணிலேயே வளர்த்து, நம் வெயிலைத் தாங்குகிற புல்லாகக் கொடுத்தால் அதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம்.

"இது ரெண்டு கோடையத் தாண்டிடுச்சுன்னா நான் வந்துடறேன் சிந்தா. இல்லன்னா அங்க இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆவணும்."

அவள் தலையை ஆட்டினாள். புல் என்னவானாலும் நீங்கள் வந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை.

முதல் கோடை நல்லபடியாகப் போனது. போர்வெல்லில் தண்ணீர் இருந்தது, அவன் போனில் சொன்னபடி அவள் பாய்ச்சினாள். இரண்டாவது வருசம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் நாலு தூறல். மாசியில் போர் மோட்டார் காற்றை இழுத்தது. பேரூராட்சிக் குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆடு மாட்டுக்கும் சரியாக இருந்தது. பங்குனியில் புல்லின் நுனி மஞ்சளானது. சித்திரையில் மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அந்த வாரம் அழகேசன் கேட்டபோது "இருக்குங்க" என்று அவள் சொன்னதுதான் முதல் பொய். அடுத்த வாரத்துக்குள் மழை பெய்துவிடும், சொன்னது உண்மையாகிவிடும் என்று நம்பித்தான் சொன்னாள். மழை வரவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற வாரா வாரம் துவைக்கிற கல்லோரம் போய் உட்கார வேண்டியதாயிற்று. துணி துவைத்த தண்ணீரில் பிழைத்த அந்த இரண்டு பாய் அகலப் பச்சையை நம்பி அவள் வீட்டுக்காரன் வருவதும் வராததும் இருந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து, சாயங்காலமானால் கையால் தெளித்தாள். தினம் தினம், கோலத்துக்குத் தெளிக்கிற மாதிரி. அது மண்ணின் மேல்தோலை நனைத்துவிட்டுப் போனதே தவிர வேருக்கு இறங்கவில்லை. திருமானூரிலிருந்து மகள் போன் செய்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். அங்கே கொள்ளிடத்துப் பக்கம் கொல்லைப்புறத்துப் புல்லை அடக்க முடியவில்லை, மாமியார் பாம்புக்குப் பயந்து வெட்டச் சொல்கிறார் என்பாள். ஒரு தடவை பூங்குழலியே கேட்டுவிட்டாள்: "அப்பாகிட்ட உள்ளதச் சொல்லிடேம்மா." அதை எப்படிச் சொல்வது என்று சிந்தாமணி பேச்சை மாற்றினாள்.

வைகாசியில் ஏரி முழுக்க வற்றியது. அனுமதி வாங்கியவர்கள் டிராக்டரில் வண்டல் அள்ளிக் கொல்லைக்கு அடித்தார்கள். அவள் வாசல் வழியாகத்தான் வண்டல் ஓட்டுகிற தர்மனின் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெல்லம் மாதிரி மினுமினுக்கும் மண். வண்டல் பட்ட நிலம் மலடாகாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். வெங்காயமோ பருத்தியோ, நோய்பட்ட எந்தக் கொல்லைக்கும் அந்த ஊரில் ஒரே மருந்து அதுதான். தர்மனை நிறுத்தி ஒரு நடை இங்கே கொட்டச் சொன்னாள்.

கொல்லைக்குப் போடுகிற அதே கனத்தில், நாலு விரற்கடை உயரத்துக்கு, தனி ஆளாகப் பரப்பினாள். துவைக்கிற கல்லோரத்துப் பச்சையை மட்டும் விட்டுவிட்டு, காய்ந்து கிடந்த அத்தனையையும் மூடினாள். குளிரில் நடுங்குகிற பிள்ளைக்குப் போர்வை போர்த்தியது போல மனசு நிறைந்திருந்தது. அந்த முறை குழாயில் வந்த தண்ணீரில் குடிக்க இரண்டு குடம் வைத்துக்கொண்டு, மீதி அத்தனையும் அதன்மேல் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் வெயிலில் வண்டல் இறுகியது. தட்டினால் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் பாளம் பாளமாக வெடித்தது. முத்தாயி வேலிப் படல் ஓரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, புல்லுக்குச் சமாதி கட்டிட்டியா?"

"வண்டல்க்கா. சத்து."

"வெங்காயத்துக்குச் சத்து. மூச்சு முட்டிக் கெடக்கறதுக்கு என்னாடி சத்து? மேல சிமெண்டும் பூசிடு, நெல்லாவது காயப்போடலாம்."

முத்தாயி வாய்க்கு அப்படிப் பேசினாலும் அன்று மாலை தன் வீட்டு மாடு கழுவின தண்ணீரில் இரண்டு வாளி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அதை ஊற்றக்கூட சிந்தாமணிக்குக் கை எழவில்லை. தானே குழி தோண்டித் தானே மூடிய மாதிரி இருந்தது. காய்ந்து கிடந்தபோதாவது அது அவன் போட்ட புல்லாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. ராத்திரிச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொடியில் அவன் போன லீவில் விட்டுப்போன துண்டு கிடந்தது. துவைப்பதற்காகக்கூட அதை அவள் எடுப்பதில்லை.

ஆனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் வாசல் தெளித்துவிட்டு வருகிறவள், ஒரு வெடிப்பில் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் பார்த்தாள் என்பதைவிட அவள் கை பார்த்தது என்பதுதான் சரி. முப்பது வருசம் பழகிய கை. குனிந்து, இரண்டு விரலை வெடிப்புக்குள் விட்டு, அடியோடு பிடித்து ஒரு இழுப்பு. வந்தது. பக்கத்து வெடிப்பில் இன்னொன்று. அதையும் இழுத்தாள். மூன்றாவதை இழுத்தபோதுதான் அது லேசில் வரவில்லை. இழுக்க இழுக்க ஒரு முழ நீளத்துக்குத் தண்டு வந்து, கடைசியில் அறுந்தது. அறுந்த கணுவில் பச்சரிசி முனை மாதிரி வெள்ளையாக ஒரு முளை.

அவன் சொன்ன மெலிசான இலை.

சிந்தாமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மூடின நாலு விரற்கடை மண்ணுக்கு அடியில், இருட்டில், வழி தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடி, எங்கே வெடிப்பு கிடைத்ததோ அங்கே அது தலையை நீட்டியிருக்கிறது. நீட்டிய முதல் மூன்றையும் அவள் கையே பிடுங்கிவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று ஒரு தடவை தெருவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பிடுங்கிய மூன்றையும் திரும்ப அதே வெடிப்பில் வைத்து, ஈர மண்ணால் அணைத்து, தேய்த்த பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து விட்டாள். மூன்றில் இரண்டு பிழைத்தன.

அன்றையிலிருந்து விடிந்ததும் அதுதான் வேலை. களைக்கொத்தின் முனையால் பாளத்தின் ஓரத்தைத் தட்டி உதிர்த்து, கூடையில் அள்ளி வெளியே கொட்டினாள். ஒரு விரற்கடை மண் மட்டும் தங்கவிட்டாள். அவசரப்பட்டுப் பாளத்தைப் பெயர்த்தால் அடியில் ஓடுகிற தண்டு அறுந்துவிடும் என்று கை சொன்னது. அருகை எப்படிக் கொல்வது என்று முப்பது வருசம் கற்ற கைக்கு, எப்படிக் கொல்லாமல் இருப்பது என்பதும் தெரிந்திருந்தது. தினம் தெளிப்பதை நிறுத்தினாள். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் விடியற்காலையில், தரையை நான்காகப் பிரித்து ஒரு பங்குக்கு மட்டும், மண் குடித்து நிறைகிற வரைக்கும் விட்டாள். அடுத்த முறை அடுத்த பங்கு. பார்த்துக்கொண்டே இருந்ததில் பிடிபட்ட கணக்கு அது.

வெடிப்புகள் எப்படி ஓடினவோ அப்படியே புல் எழுந்தது. கறுத்த மண்ணில் பச்சை நூலால் மீன்வலை பின்னிப் போட்ட மாதிரி. ஆனாலும் நடுவே பெரிய பெரிய கண்ணாக வெறுமை இருந்தது. அந்தக் கண்களை அடைக்கக் கணு வேண்டும். கணு எங்கே இருக்கிறது? துவைக்கிற கல்லோரத்தில்தான் இருக்கிறது.

ஒரு நாள் முழுக்க யோசித்தாள். வெங்காயத்துக்கு விதைக்காயை எடுத்துத்தானே ஆகவேண்டும், சமையலுக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த போகம் ஏது? மறுநாள் காலையில் கல்லோரத்துப் பச்சையிலிருந்து பிடி பிடியாகப் பெயர்த்து, வெற்றிடங்களில் முழத்துக்கு ஒன்றாக நட்டாள். பொழுது உச்சிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். கல்லோரத்தில் இனி உட்கார இடம் இல்லை. அம்மை போட்ட முகம் மாதிரிக் குழி குழியாகக் கிடந்தது. அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்தவள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். போன் அடித்தது. மூக்கும் மின்விசிறியும் வந்தன.

"என்ன, இன்னைக்கு எடம் மாறிட்ட?" என்றான் அழகேசன்.

அவள் எழுந்து, போனைத் திருப்பிப் பிடித்து, புல்தரையைச் சுற்றி நடந்தாள். மெதுவாக, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. கறுப்புப் பாளம், பச்சை வலை, நேற்று நட்டுத் துவண்டு நிற்கிற கணுக்கள், மண் அள்ளிய கூடை, குழி விழுந்த கல்லோரம், ஒன்றையும் விடாமல் காட்டினாள். ஆனி முடிந்து ஆடி பிறக்க எட்டு நாள்தான் இருந்தது. இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று அதற்குள் அவன் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

டவர் நிஜமாகவே போய்விட்டதோ என்று பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அது என்ன மண்ணு?"

"ஏரி வண்டலுங்க."

"எவ்வளவு ஒசரம் போட்ட?"

"நாலு வெரக்கட."

"வெங்காயத்துக்குப் போடற மாதிரி," என்றான். சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "அதுலேந்தா எந்திரிச்சு வந்திருக்கு? ஒரு தண்டப் புடிச்சு இழு, பாப்போம்."

"வேணாங்க."

"வேர் எப்படியிருக்குன்னு பாக்கணும் சிந்தா."

"வேணாங்க. ஒரு தடவ இழுத்துட்டேன்."

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. மாசியில் போர் வற்றியதிலிருந்து மூன்று தளிரைப் பிடுங்கியது வரைக்கும் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் அவனோடு போனில் பேசியதே இல்லை. அழகேசன் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, முதல் தடவையாகப் போனைத் தள்ளிப் பிடித்தான். காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கியிருந்தது. போன லீவில் அப்படி இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றான். "வாரா வாரம் உன் தலைக்குப் பின்னாடி அந்தக் கல்லுதான் ஓரத்துல தெரியும். சோப்புத் தண்ணி குடிச்ச பச்ச வேற மாதிரி இருக்கும். இருபது வருசமா புல்லத்தான பாக்கறேன். மத்ததெல்லாம் செத்துப்போயிடுச்சு, எம்மனசு நோவக்கூடாதுன்னு மறைக்கறன்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏங்க கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? நீ ஆசையா மறைக்கறத." போனை இன்னொரு கைக்கு மாற்றினான். "போன மாசமே கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

சிந்தாமணி போனைப் பிடித்தபடியே நின்றாள். தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"காஞ்சதக் காட்டியிருந்தீன்னா நான் சொல்லியிருப்பேன்," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "அது சாவல, சும்மா படுத்திருக்கும். மேல கருவுனாலும் அடித்தண்டு உசிரோட கெடக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒரு எடத்துக்குத் தண்ணி காட்டினா அதுபாட்டுக்குக் கெடந்து, மழைக்கு எந்திரிச்சுக்கும். அத ஒரு தடவ பாத்திருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்."

தவறு யாருடையது என்று பார்க்கப்போனால் பாதிப் பாதி வரும். அவள் காய்ந்ததை மறைத்தாள், அவன் கையெழுத்தை மறைத்தான். இரண்டும் அடுத்தவர் மனசுக்காக.

"ரெண்டு வருசமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு கோட."

"புல்லு தாங்கும்ங்க," என்றாள் சிந்தாமணி. அடுத்ததைச் சொல்ல வேண்டியது அதே வாய்தான். ஏழாவது வகுப்பில் எழுந்து கேட்க வராத வாய், இருபத்தோரு வருசமாகப் பேருந்து நிலையத்தில் அவனை வழியனுப்பும்போது திறக்காத வாய். அவள் பார்வையைத் திரையிலிருந்து எடுத்து, வெடிப்பில் நின்ற ஒரு தளிர்மேல் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வந்துடுங்க. புல்லு இருந்தாலும் வந்துடுங்க, கருவிப் போனாலும் வந்துடுங்க."

அவன் பதில் சொன்னான். போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது, ஆனால் ஒரு வருசம் முடிந்ததும் வேறு ஆளை விட்டுவிட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பானாம். விடுவார்களா என்று தெரியாது. கேட்பான். இனிமேல் காய்ந்ததையும் காட்டு என்றான். நீங்களும் என்றாள் அவள்.

பேச்சு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்கயாவது கொஞ்சம் அடர்த்தியா வந்திருக்கா?"

வேப்பமரத்து நிழல் விழுகிற பக்கம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது, ஒரு முறம் அகலத்துக்கு என்றாள்.

"அதுமேல போன மல்லாக்க வச்சுட்டு நீ பக்கத்துல உக்காரு. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்."

அவள் அந்த இடத்தில் கிடந்த ஒரு மண்கட்டியைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, போனை மல்லாக்க வைத்தாள். பிஞ்சு இலைகள் அதன் விளிம்பைச் சுற்றி நிமிர்ந்துகொண்டன. திரையில் அவன் கட்டிலில் சாய்வது தெரிந்தது. குரும்பலூர் வானம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேகம் இல்லாத, வெளுத்த ஆனி மாதத்து வானம். அதில் இரண்டு கொக்குகள் வடக்கே பறந்தன. அவன் கண்ணும் வடக்கே போனது.

முத்தாயி படல் ஓரம் வந்து நின்றாள். வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு சிந்தாமணி உட்கார்ந்திருப்பது அவளுக்கு விநோதமாக இருந்திருக்கும்.

"யார்கிட்டடி தனியா உக்காந்து பேசிட்டிருக்க?"

"பேசலக்கா. அவரு படுத்திருக்காரு."

முத்தாயி எட்டிப் பார்த்தாள். புல்லில் கிடந்த போனையும், அதில் இருந்த முகத்தையும் பார்த்தாள். ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை.

"பொழுது போவுதே," என்றாள் கடைசியில். "எறும்பு கடிக்கப் போவுது, எந்திரிக்கச் சொல்லு."

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும்க்கா," என்றாள் சிந்தாமணி.